கல்யாண வீடியோவும் இரண்டு டி.வி.யும்

ஆவடியில் உள்ள ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. அடுத்தவர் செய்து அனுப்பும் உதிரிப் பாகத்தை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை முத்திரை, இல்லாவிட்டால் சிவப்பு. ஒரு மயிரிழை கூடினாலும் சிவப்புதான். நான் வருவதைப் பார்த்தால் வெல்டிங் பிரிவில் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இதைப் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன், எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வரைக்கும்.

பட்டாபிராமில் எங்களுக்கு மாடி வீடு. கீழே என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். வந்து முப்பது வருடம் ஆகப் போகிறது. ஆனாலும் நான் பேச ஆரம்பித்தால் மச்சான், "தோ, ரயிலு திர்நெல்வேலி போயி திரும்பி வரதுக்குள்ள சொல்லி முடி மாப்ள" என்பார். மச்சானின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பூந்தமல்லிக்காரர். எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று மனைவியிடம் கேட்டேன். பட்டுப் புடவை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"நம்ம கல்யாண வீடியோவ எல்லாரும் உக்காந்து பாக்கணும்" என்றாள். "எங்கப்பா அதுல பேசுறாருங்க. அவரு குரல் வேற எதுலயும் இல்ல."

உண்மைதான். என் மாமனார் கிரேன் ஓட்டியவர். எங்கள் கல்யாணம் முடிந்த ஆறாவது வருடம் தவறிவிட்டார். இருக்கிற போட்டோக்களில் எல்லாம் ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல விறைப்பாக நிற்பார். கைப்பேசியில் எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் காலம் வருவதற்குள் அவர் போய்விட்டார். கல்யாண கேசட்டில் மட்டும் ஏதோ ஓர் இடத்தில் பேசுகிறார். மூன்று மணி நேர வீடியோவில் எந்த இடம் என்று யாருக்கும் நினைவில்லை.

என்ன பேசினார் என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் நெடுநாள் தகராறு. "என் பொண்ணு கண் கலங்காம பாத்துக்கோங்க மாப்பிள்ளைன்னு சொல்லி அழுதாரு" என்பாள் இவள்.

"யாரு, நைனாவா?" என்பார் மச்சான். "கொக்கி கால்ல உழுந்தப்பவே அழாத மனுசன். உன் கல்யாணத்துல அழுதாராம்மா?"

கேசட் போடும் கருவி செத்துப்போய்ப் பல காலம் ஆயிற்று. மூன்று வருடத்துக்கு முன் அம்பத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து கேசட்டை டி.வி.டி. டிஸ்க்காக மாற்றி, அந்த டிஸ்க்கிலிருந்து வீடியோவை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தேன். பழைய கேசட்டின் நாடா ஸ்டூடியோவிலேயே அறுந்துபோயிற்று. கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரைக் கீழ்த்தெரு அம்மன் கோயில் ஆடிக் கூழுக்குக் கொடுத்தோம். அது தொண்டை கட்டித் திரும்பி வந்தது. காதில் மாட்டிக்கொள்ளும் ஒயரைக் கொடுத்தேன். மனைவி வாங்கவில்லை.

"எங்கப்பா குரல காதுக்குள்ள ஒயர் சொருகிக் கேக்க மாட்டேன். நாலு பேரு உக்காந்து கேக்கணும்."

அப்படித் தள்ளிப்போட்டதுதான். இப்போது புது டி.வி. வந்திருக்கிறது, கல்யாண நாளும் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அன்று காலை கம்ப்யூட்டரை முடுக்கினேன். உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். பல்லி கூப்பிடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சுவரில் பல்லி இல்லை. பெட்டியின்மேல் காதை வைத்தேன். உள்ளேதான்.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் பக்கத்து மேசைக் கம்ப்யூட்டர் இப்படித்தான் இரண்டு நாள் டிக் டிக் என்றது. மூன்றாம் நாள் அதற்குள் இருந்த டிஸ்க் போய்விட்டது, ஐந்து வருட ஆவணங்களோடு. அப்போது நான் அந்த நண்பருக்கு அரை மணி நேரம் அறிவுரை சொன்னேன். "ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கணும்லா? நான்லாம் ஞாயித்துக்கெழம தவறாம எடுத்துருவேன்."

பொய்யில்லை, எடுப்பேன். ஞாயிறு காலை குளித்து முடித்ததும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகுவேன். திரையில் இருக்கும் 'போட்டோ', 'வீடியோ', 'வீட்டுப் பத்திரம்' என்ற மூன்று சின்னப் பெட்டிப் படங்களையும் பிடித்து இழுத்து அதில் போடுவேன். 'ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?' என்று கேட்கும். மாற்று என்பேன். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். நல்ல வேகமான டிஸ்க் என்று அதை வாங்கிய என்னையே மெச்சிக்கொள்வேன். ஒரு துணிப்பையில் சுற்றி பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைப்பேன்.

எனவே டிக் டிக் கேட்டபோது பயந்தாலும் பதறவில்லை. கம்ப்யூட்டர் போனால் போகட்டும், ஹார்ட் டிஸ்க்கை நேராக டி.வி.யில் செருகிவிடலாம். செருகினேன்.

'இயக்கக்கூடிய கோப்பு எதுவும் இல்லை' என்றது டி.வி.

டி.வி.மேல்தான் சந்தேகம் வந்தது. பிடுங்கித் திரும்பச் செருகினேன். அதே பதில். கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். 'வீடியோ' என்ற படத்தைத் தட்டியதும் கல்யாண வீடியோ தெரிந்தது. இருக்கிறதே! பிறகு ஏதோ தோன்றி, அந்தப் படம் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்தேன். ஒரு கேபி. நாலு வரி எழுதத்தான் காணும். மூன்று மணி நேரக் கல்யாணம் அதில் அடங்காது. அதில் என் பெயரை எழுதினால் தாலி கட்டவே இடம் இருக்காது.

அப்போதுதான் அந்தப் படத்தின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி கண்ணில் பட்டது. மூன்று வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது. அது பெட்டி இல்லை, பெட்டி எங்கே இருக்கிறது என்று கை காட்டும் பலகை. 'வீடியோ அதோ கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது' என்று சொல்லும் பலகையைத்தான் வாராவாரம் பிரதி எடுத்துப் பட்டுப் புடவைக்குள் பூட்டிவைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பார்த்தால் அது வழி காட்டும். தனியே எடுத்துப் போனால் காற்றைக் காட்டும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஸ்டூடியோவில் கொடுத்த டிஸ்க்கை மனைவி என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தாள். போன வருடம் பால்கனியில் புறாத் தொல்லை. பளபளவென்று எதையாவது தொங்கவிட்டால் வராது என்றார்கள். வீட்டில் கிடந்த பழைய டிஸ்க்குகளை எல்லாம் நூலில் கோத்துக் கட்டினேன். பிரதிதான் இருக்கிறதே என்று கல்யாண டிஸ்க்கையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். ஒரு வருட வெயிலும் மழையும் பட்டு அதன் பின்பக்கம் பாம்புச் சட்டைபோல உரிந்துவிட்டது. புறாக்கள் அதற்குப் பக்கத்திலேயே முட்டை வைத்தன.

ஆக, என் மாமனாரின் குரல் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அந்த இடம் டிக், டிக், டிக் என்றுகொண்டிருந்தது.

சரி, இப்போதாவது நிஜமாகப் பிரதி எடுப்போம் என்று வீடியோவையே பிடித்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். 'கோப்பு மிகப் பெரியது' என்றது. டிஸ்க்கில் முக்கால்வாசி காலியாக இருந்தது. காலியாக இருக்கிறது, ஆனால் இடம் இல்லை என்கிறது. இருந்த ஒரு பென் டிரைவும் அதையே சொன்னது. கைப்பேசியில் உண்மையாகவே இடம் இல்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் டி.வி. பக்கத்தில் வைத்து ஒயரில் இணைக்கலாம். ஆனால் ஐ.சி.யூ.வில் கிடப்பவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல இருந்தது எனக்கு. தொடவே பயம்.

"என்னங்க, எல்லாம் ரெடியா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

"ரெடிதான்" என்றேன். சிவப்பு முத்திரை குத்த வேண்டிய பதில்.

ஒரே வழிதான் மிச்சம். கம்ப்யூட்டர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், வைஃபை வழியாக வீடியோவை டி.வி.க்கு அனுப்புவது. சாவதற்குள் ஒரு தடவையாவது எல்லோரும் கேட்டுவிடட்டும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

மதியம் சாப்பாடு முடிந்தது. அக்கா பாயசத்தோடு கீழே போனார். ஞாயிறு மதியம் அவருக்கு ஒரு சீரியல் உண்டு, வாரம் முழுக்க விட்டதைச் சேர்த்துப் போடுவார்கள். "நீங்க ஆரம்பிச்சிட்டு கூப்டுங்க தம்பி" என்றார். மச்சானும் மனைவியும் எங்கள் கூடத்தில் டி.வி.க்கு எதிரே உட்கார்ந்தார்கள். நான் மாடிப்படியை ஒட்டிய சின்ன அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எந்த டி.வி.க்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் காட்டியது. அதில் ஒரே ஒரு டி.வி.தான் இருந்தது. எங்கள் டி.வி. கம்பெனியின் பெயர். தட்டினேன். 'ஓடுகிறது' என்றது கம்ப்யூட்டர்.

"வருதா?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் வர்ல மாப்ள. கறுப்பா கீது."

நிறுத்தினேன். மறுபடி தட்டினேன். 'ஓடுகிறது' என்றது.

"இப்ப?"

"இன்னும் கறுப்பாத்தான் கீது. ஆனா எங்கியோ மேளம் கேக்குதுப்பா. எதிர்ச் சத்திரத்துல இன்னைக்கு முகூர்த்தமா?"

நிறுத்தினேன். இந்தத் தடவை ஐந்து வரை எண்ணிவிட்டுத் தட்டினேன். எண்ணினால் ஏன் வேலை செய்யும் என்று கேட்கக் கூடாது. அந்த நேரத்துக்கு அது தோன்றியது. நான்காவது தடவை தட்டியபோது மாடிப்படியின் அடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"யாருப்பா அது சொம்மா சொம்மா என் சீரியல நிறுத்திகினு? அவ மாமியார் வாயத் தொறந்தா உங்க கல்யாணம் வந்துடுது! நாலு வாட்டி புள்ளையார் கும்புட்டாச்சு!"

மச்சான் மெதுவாக எழுந்து அறை வாசலில் வந்து நின்றார். "மாப்ள, கீழ்வீட்டு டி.வி.க்கு அனுப்பிகினு கீற."

மகளுக்குப் போன் போட்டேன். அவள் பொறுமைசாலி. அவளுடைய அம்மாவிடமிருந்து வந்த குணம்.

"அப்பா, வீட்டுல எத்தன வைஃபை இருக்கு?"

"ஒண்ணுதான். மாமா வீட்டு ரௌட்டர்லேருந்து வரது."

"மேல சிக்னல் வரலன்னு நீங்க ஒரு பெட்டி வாங்கி மாட்டுனீங்களே?"

"அது இதே பேருதாம்மா. ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு வச்சிட்டேன். கொழப்பம் வரக் கூடாதுல்லா?"

அவள் விளக்கினாள். பெயர்தான் ஒன்று, உள்ளே அவை இரண்டும் தனித்தனித் தெரு. படிக்கட்டுப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் மாமா வீட்டு ரௌட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூடத்தில் இருக்கும் டி.வி. மாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் தன் தெருவில் எட்டிப் பார்த்தால் தெரிவது மாமா வீட்டு டி.வி. மட்டும்தான். அதுவும் அதே கம்பெனி.

"மாடிப் பெட்டிய ஆஃப் பண்ணிட்டு டி.வி.ய மாமா வைஃபைல சேருங்கப்பா."

செய்தேன். இப்போது பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு டி.வி. தெரிந்தன. மேலே இருப்பதுதான் மேல்மாடி என்று முடிவுசெய்து தட்டினேன். கூடத்திலிருந்து மனைவி கத்தினாள். "வந்துடுச்சு! வந்துடுச்சு!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். திரை நிறைய எங்கள் பெயர்கள், இரண்டு இதயங்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டு வந்தன. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். தவில்காரர் தலையை ஆட்டினார். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

"வாலூம் வை மாப்ள" என்றார் மச்சான்.

வைத்தேன். ஐம்பது, எழுபது, நூறு. நூறுக்கு மேல் டி.வி.யில் இல்லை. திரையின் அடியில் ஒரு வரி வந்து போயிற்று. இந்த ஒலி வடிவத்தை இந்த டி.வி. ஏற்காதாம். புத்தம் புதிய டி.வி. வாங்கும்போது கடைக்காரர் என்னிடம் நாற்பது வசதி சொன்னார், இதைச் சொல்லவில்லை.

திரையில் மனைவியின் அப்பா பந்தல் வாசலில் யாரையோ வரவேற்று வாயசைத்தார். அவள் முன்னால் சாய்ந்து அந்த வாயையே பார்த்தாள். அந்த நிமிடத்தில் அறையிலிருந்து டிக், டிக் என்பது எனக்கு மட்டும் கேட்டது.

வாசலில் வந்து நின்ற அக்காதான் சொன்னார். "கீழ டி.வி.ல சத்தம் நல்லா வந்துச்சே தம்பி. எல்லாம் கீழ வாங்க. எதுக்கு இதோட மல்லு கட்டிகினு?"

எங்கள் நான்கு பேரில் தொழில்நுட்பம் தெரியாதவர் என்று நான் நினைத்திருந்தவர் அவர்தான். மனைவியும் மச்சானும் அவர் பின்னாலேயே இறங்கிப் போனார்கள். கம்ப்யூட்டரில் கீழ்வீட்டு டி.வி.யைத் தட்டிவிட்டேன். கீழே மேளம் கணீரென்று எழுந்தது.

நானும் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் ஆய்வுப் பிரிவு ஆளுக்கு ஒரு குணம் உண்டு. தோற்ற பாகத்தை விட்டுவிட்டு வர மனம் வராது. "தோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மகளைப் பிடித்தேன். ஒலியை மட்டும் வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பச் சொல்லி ஓர் அமைப்பு இருக்கிறது, அதைத் தேடு என்றாள். ஆறு பட்டியல், ஒவ்வொன்றிலும் ஆறு உள்பட்டியல். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் ஒரு கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, ஆளில்லாத கூடத்தில் இருந்த டி.வி.க்கு அனுப்பினேன்.

நூறில் வைத்த சத்தத்தைக் குறைக்க மறந்திருந்தேன்.

கெட்டிமேளம் வெடித்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பால்கனியில் இருந்த புறாக்கள் ஒட்டுமொத்தமாகப் பறந்தன. டிஸ்க்குகளால் ஒரு வருடம் ஆகாத காரியம் அது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்து, சும்மா இருக்க முடியாமல் கும்பிட்டார். நான் ரிமோட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மச்சான் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார்.

"உனுக்கு இன்னா பைத்தியமா மாப்ள? கீழ பந்தி ஆரம்பிச்சிட்டாங்க. நைனா நிக்கிறாரு. வா நீ!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கீழே அக்காவும் மனைவியும் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இலை போட்டு நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மீசை கரேலென்று இருந்தது. பின்னால் என் மாமனார், இடுப்பில் கை வைத்து, தொழிற்சாலையில் சரக்கு இறங்குவதைப் பார்ப்பவர்போலப் பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவர் எங்களைத் தாண்டிப் போனார். மாமனார் வாயைத் திறந்தார்.

"யோவ்! மாப்ள அப்பளத்தையே பாத்துகினு கீறார்யா! கேக்க வெக்கப்படறாரு. இன்னும் ரெண்டு வையி!"

அவ்வளவுதான். பரிமாறுகிறவர் திரும்பி வந்து இரண்டு அப்பளம் வைத்தார். மாமனார் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

மச்சான்தான் முதலில் சிரித்தார். சோபாவில் கையால் அடித்து அடித்துச் சிரித்தார். "அழுதாரு! என் பொண்ண பாத்துக்கோங்கன்னு சொல்லி அழுதாரு!" மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நான் நின்றேன். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அதே குரலுங்க" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அந்த 'யோவ்' இருக்கே, அது அப்பா. இன்னொரு தடவ போடுங்க."

அங்கேதான் அடுத்த சிக்கல். கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பும் வீடியோவைக் கீழ்வீட்டு டி.வி.யின் ரிமோட்டால் பின்னால் தள்ள முடியவில்லை. மேலே போய்க் கம்ப்யூட்டரில்தான் பின்னால் இழுக்க வேண்டும். ஏறினேன், இழுத்தேன், இறங்கினேன். நான் இறங்குவதற்குள் அப்பளம் வைத்தாயிற்று. மறுபடி ஏறினேன். இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டு வந்ததில், நலங்கு முழுவதையும் பார்த்துக் காத்திருந்தோம். ஏழு தடவை ஏறி இறங்கினேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. சுளிக்கும் தகுதி எனக்கு இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டாவது தடவை எழுந்தபோது மனைவி கையைப் பிடித்தாள். "பாவம், எத்தன தடவதான் ஏறுவீங்க. பீரோல அந்த ஹார்ட் டிஸ்க் இருக்குல்ல, அத எடுத்துட்டு வந்து இங்கயே சொருகுங்க."

சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. டிக் டிக்கிலிருந்து ஆரம்பித்து, அம்புக்குறி, கை காட்டும் பலகை எல்லாவற்றையும் சொன்னேன். புறா டிஸ்க்கைச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதையும் சொல்லிவிட்டேன். மச்சான் ரயில் கிண்டல் எதுவும் அடிக்காமல் கேட்டார். அதுவே பயமாக இருந்தது.

மனைவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"ஊறுகா போட்டா ஒரு தடவ தொட்டு நாக்குல வெச்சுப் பாக்க மாட்டோமா? மூணு வருஷமா ஜாடிய மட்டும் தொடச்சுத் தொடச்சு வெச்சிருக்கீங்க."

ஊரார் செய்ததை எல்லாம் அளந்து பார்ப்பவன் தன்னுடையதை ஒரு தடவை அளந்து பார்க்கவில்லை. அதைத்தான் சொன்னாள். தொழிற்சாலையைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை என்பதுதான் அவள் செய்த மரியாதை.

"சரி, அந்த டிக் டிக்க நான் பாக்கறேன்" என்று மச்சான் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மேலே போனார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். அவர் ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கம்ப்யூட்டர் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். லேத்தில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அப்படித்தான் கேட்பாராம். முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டார். டாக்டரிடம் வந்த நோயாளியின் உறவினர்போல நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"உன் டிஸ்க்கு தூங்கற கொழந்த மாதிரி கீது மாப்ள" என்றார் கடைசியில். "சத்தம் பின்னால காத்தாடிலேந்து வருது. கயட்டு இத்த."

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினோம். முந்தின நாள் நான் ஒயர்களை ஒழுங்காகக் கட்டுகிறேன் பேர்வழி என்று உள்ளே ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டை போட்டிருந்தேன். அதன் வாலை வெட்டவில்லை. அந்த வால் விசிறியின் இறக்கையில் தட்டித் தட்டி டிக், டிக் என்றிருக்கிறது. மச்சான் அதை நகவெட்டியால் வெட்டி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தத் தெருவில் போனவர் வந்தவரிடம் எல்லாம் சொன்னார்.

பிறகு மகள் போனில் சொல்லச் சொல்ல, ஹார்ட் டிஸ்க்கை முழுக்க அழித்து, பெரிய கோப்பை ஏற்கும் முறைக்கு மாற்றினோம். அதில் இழக்க ஒன்றும் இல்லை, மூன்று அம்புக்குறிதான். வீடியோவைப் போட்டதும் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த இருபது நிமிடமும் எனக்கு இதமாக இருந்தது. மெதுவாகப் போனால்தான் எதுவோ போகிறது என்று அர்த்தம்.

"முடிஞ்சுது" என்றேன்.

"இருங்க" என்றாள் மனைவி. கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னாள். ஹார்ட் டிஸ்க்கைத் தன் கையால் பிடுங்கிக் கீழே எடுத்துப் போய், மச்சான் வீட்டு டி.வி.யில் செருகி, பந்தி வரும்வரை தள்ளினாள். 'யோவ்' என்றார் மாமனார். அதற்குப் பிறகுதான் தலையை ஆட்டினாள். வாழ்க்கையில் நான் பெற்ற ஒரே பச்சை முத்திரை அது.

இப்போது பிரதி எடுப்பது என் வேலை, சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நான் எடுத்துவைத்ததில் ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்கிறாள். இரண்டு தடவை தள்ளிவிட்டாள். வீட்டுப் பத்திரத்தின் நாலாம் பக்கம் தலைகீழாக இருந்ததாம். மாடிப் பெட்டிக்கு வேறு பெயர் வைத்துவிட்டோம். மச்சானுக்கு ஒரு பென் டிரைவ் கொடுத்தோம், அக்கா அதைக் குங்குமச் சிமிழ் பக்கத்தில் வைத்திருக்கிறார். மகளுக்கும் ஒரு பிரதி போயிற்று.

அவள் போன வாரம் கூப்பிட்டாள்.

"அப்பா, கல்யாண வீடியோ முழுசாப் பாத்தேன். தாத்தா அப்பளம் வைக்கச் சொல்றாருல்ல, அதுக்கப்புறம் அம்மா யாருகூடவோ திரும்பிப் பேசுறாங்க. அப்ப நீங்க அம்மா எலையிலேருந்து ஒரு அப்பளத்த எடுக்குறீங்க."

"நானா? எடுத்திருக்க மாட்டேனேம்மா."

"நல்லாத் தெரியுதுப்பா. பெருசாக்கிப் பாத்தேன்."

அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். வீடியோவிலிருந்து அந்த ஐந்து விநாடியை வெட்டிவிடலாமா என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது. ஆனால் கோப்பு இப்போது நான்கு இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்றைச் சோதிக்கும் ஞாயிறு வருகிற வாரம்.